கோட்டை இருக்கிறது! கணக்கு எங்கே?



சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே எத்தனை முறை போய் வந்திருப்பீர்கள்? சரக்கு எடுக்கச் சென்னைக்குப் போய்த் திரும்பும் கடைக்காரரே, மகனைச் சவூதிக்கு விமானம் ஏற்றிவிட்டு கண்ணீரோடு ஊர் திரும்பும் லெப்பைக்குடிக்காட்டு அத்தாவே, வ.களத்தூரில் இருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறும் வாலிபனே! பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் தூரத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், ஒரு பாறையைச் சுற்றி மூன்றடுக்கு மதிலோடு ஒரு கோட்டை நிற்கிறதே, அதில் ஒரு தடவையாவது கால் வைத்ததுண்டா?

ரஞ்சன்குடிக் கோட்டையைத்தான் சொல்கிறேன். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், செதுக்கிய கருங்கல் மதில், அரண்மனையின் மிச்சம், நிலத்தடி அறை எல்லாம் அங்கே இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில், ஆற்காடு நவாபுக்கு உட்பட்ட ஒரு ஜாகிர்தார் கட்டியது என்று சொல்லப்படுகிறது. இன்று அது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம்.

சென்ற விடுமுறையில் வாலிபர்கள் சிலரை அங்கே அழைத்துப் போயிருந்தேன். மேலே ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு தம்பி கேட்டான்: "ஹஜ்ரத், இங்கே யாரு யாரோட சண்டை போட்டாங்க? யாரு ஜெயிச்சா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழாண்டு மதரஸாவில் ஓதியவன், மேடை மேடையாக ஏறி வரலாறு பேசுகிறவன், என் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையில் யார் ஜெயித்தது என்று தெரியாமல் விழித்தேன். அதற்குள் இன்னொரு தம்பி போனைத் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டான்: "1751, வாலிகண்டபுரம் போர். பிரெஞ்சுக்காரங்க பக்கம் சந்தா சாஹிப். இங்கிலீஷ்காரங்க பக்கம் முகம்மது அலி. முகம்மது அலி ஜெயிச்சாரு."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மனசு கேட்கவில்லை. தேடிப் படித்தேன். படித்தபோது தூக்கிவாரிப் போட்டது!

ஓடியது யார்?

இந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருப்பவர் நம்மவர் அல்லர். ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர், சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், பிற்பாடு கம்பெனியின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராகவே நியமிக்கப்பட்டவர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய ராணுவ நடவடிக்கைகளைப் பற்றிய அவருடைய நூலின் முதல் பாகம் 1763இல் லண்டனில் வெளியானது. ஆங்கிலேயரைத் தாழ்த்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க முடியுமா?

அவர் சொல்வது இது. 1751ஆம் ஆண்டின் நடுப்பகுதி. திருச்சியில் முகம்மது அலி. அவரை முற்றுகையிட ஆற்காட்டுப் பக்கமிருந்து பெரும்படையோடு வருகிறார் சந்தா சாஹிப். அவரோடு பிரெஞ்சுப் பட்டாளம். வழியில் தடுக்க, கடலூரில் இருந்து கேப்டன் ஜிஞ்சென்ஸ் என்பவரின் கீழ் ஒரு கம்பெனிப் படை புறப்படுகிறது. விருத்தாசலம் கோவிலைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்தப் பாறைக் கோட்டைக்கு வந்து சேருகிறது. அந்தப் படையில் உணவுப் பொருள் கவனிக்கும் அலுவலராக வந்தவர் ராபர்ட் கிளைவ். ஆம், அதே கிளைவ்தான்!

கோட்டையின் கில்லேதார் கெட்டிக்காரர். இரண்டு பக்கமும் பேரம் பேசிக்கொண்டே நாளைக் கடத்துகிறார். பொறுமை இழந்த ஆங்கிலேயர் பாறையின் கீழிருந்த ஊரின் மீது பாய்கிறார்கள். கில்லேதார் சந்தா சாஹிப் பக்கம் ஆளனுப்பிவிடுகிறார். மறுநாள் பிரெஞ்சுப் படை வருகிறது. கோட்டையிலிருந்தும் குண்டு விழுகிறது. என்ன நடந்தது? கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதி பிடித்து ஓடினார்கள்! முகம்மது அலியின் சகோதரர் அப்துல் வஹாப் கான் குதிரையில் வந்து, வெள்ளைக்காரர்களின் கோழைத்தனத்தை முகத்துக்கு நேரே ஏசினார். கம்பெனிப் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இன்னும் களத்தில் நிற்பதைக் காட்டி, அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். இதை எழுதுவது ஓர்ம். அதன் பிறகு ஆங்கிலேயப் படை ஊட்டத்தூருக்குப் பின்வாங்கியது. அங்கிருந்தும் பின்வாங்கி, திருச்சிக் கோட்டை மதிலின் நிழலுக்குள் போய் ஒதுங்கியது.

இதுவா வெற்றி?

முகம்மது அலி கடைசியில் வென்றது உண்மை. ஆனால் அது அடுத்த ஆண்டு, 1752இல், திருச்சியில். அங்கே பிரெஞ்சுப் படை சரணடைந்தது. தஞ்சைத் தளபதியை நம்பிச் சரணடைந்த சந்தா சாஹிபின் தலை வெட்டப்பட்டது. யாரோ ஒருவர் போரின் முடிவை எடுத்து, ஓராண்டுக்கு முந்தைய ஒரு களத்தின் மீது ஒட்டிவிட்டார்கள். ஒருவர் எழுதினார், அடுத்தவர் பார்த்து எழுதினார், இன்று தம்பியின் போன் வரைக்கும் வந்துவிட்டது.

"இதனால் என்ன குடி முழுகிப் போச்சு? இருநூற்று எழுபது வருஷத்துக்கு முந்தைய சண்டையில் யார் ஜெயித்தால் என்ன?" என்று கேட்கலாம். சகோதரர்களே, உங்கள் கடையின் பேரேட்டில் ஒரு வரவை ஒரு பக்கம் தள்ளி எழுதிவிட்டால் என்ன என்று யாராவது கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா? ஊர் முழுக்கப் பார்க்கும் பேரேடு இது. இதில் தப்பெழுதினால் தட்டிக் கேட்க யாருமில்லை. நான் பேச வந்தது அந்த "யாருமில்லை" என்பதைப் பற்றித்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோட்டையைக் காட்டி, "பார், நம் நவாபுகளின் வீரம்!" என்று மார்தட்டுகிற வாலிபனுக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் முஸ்லிம்கள். இரண்டு பேருக்கும் பின்னால் நின்றது அந்நியனின் பீரங்கி. தோற்றவர் தலையை இழந்தார். ஜெயித்தவர் கடனில் மூழ்கினார். கம்பெனிக்கும் கம்பெனி ஊழியர்களுக்கும் பட்ட கடனைக் கட்ட, மாகாணங்களின் வருவாயையே எழுதிக் கொடுத்தார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியே கம்பெனியின் கைக்குப் போனது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும், அந்தப் பட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். இதில் மார்தட்ட என்ன இருக்கிறது? படிப்பினை இருக்கிறது. படிப்பினை தர வேண்டுமானால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

கிழக்கே ஒரு மாளிகை

ரஞ்சன்குடியில் ஒரு தள அருங்காட்சியகம் கிடையாது. அப்படியானால் இந்தப் போர்களின் நினைவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? சென்னைக் கோட்டையில். தலைமைச் செயலகம் இருக்கிறதே, அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், 1795இல் கட்டப்பட்ட ஒரு மாளிகையில், 1948 முதல் கோட்டை அருங்காட்சியகம் நடக்கிறது. அதுவும் மத்திய தொல்லியல் துறையின் கையில். வாள், துப்பாக்கி, பீரங்கி, பட்டாளத்து உடைகள், கம்பெனி கால நாணயங்கள், ஆற்காடு நவாபுகளின் ஓவியங்கள், கிளைவின் கையெழுத்துக் கடிதங்கள். 1947 ஆகஸ்ட் 15இல் அந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட தேசியக்கொடியும் அங்கேதான் பாதுகாக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ராணுவ வரலாற்றுக்கு அரசு வைத்திருக்கும் காட்சிக்கூடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு பெரிய பளிங்குச் சிலை நிற்கிறது. கார்ன்வாலிஸ் பிரபு. சிலையின் பீடத்தைக் குனிந்து பாருங்கள். சிற்பமாக ஒரு காட்சி: திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள், பால் மணம் மாறாத பிள்ளைகள், பிணைக்கைதிகளாக ஒப்படைக்கப்படுகிறார்கள். 1792இல் நடந்தது. போர் நஷ்டஈட்டுக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சென்னையில் வைத்திருந்து, 1794இல்தான் திருப்பி அனுப்பினார்கள். அதை வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தயாள குணம் என்று பளிங்கில் வடித்துக் கொண்டாடினார்கள்!

அந்தச் சிலையை உடைக்கச் சொல்லவில்லை. தயவுசெய்து அப்படி யாரும் எழுதிவிடாதீர்கள். சிலை அங்கேயே நிற்கட்டும், நம் பிள்ளைகள் பார்க்கட்டும். கேள்வி வேறு. அந்தச் சிலைக்குப் பக்கத்தில் என்ன விளக்கம் எழுத வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? ஓர் அதிகாரி எழுதினால் அதைச் சரிபார்ப்பவர் யார்? தப்பென்றால் யாரிடம் சொல்வது? எத்தனை நாளில் பதில் வரும்? இந்தக் கேள்விகளுக்குப் பார்வையாளன் அறியும்படியான ஒரு வழி இருக்கிறதா?

பீரங்கிக்குக் கால் முளைத்ததா?

எழுத்தை விடுங்கள். பொருளுக்காவது கணக்கு உண்டா?

2013இல் மத்திய தணிக்கை அதிகாரி ஓர் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தார். நாட்டில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்த சின்னங்கள் 3,678. அவற்றில் 1,655 இடங்களுக்குத் தணிக்கைக் குழு நேரில் போய்ப் பார்த்தது. 92 இடங்களைக் காணவில்லை! சிலை காணவில்லை, செம்பு காணவில்லை என்றல்ல. கட்டடத்தையே, இடத்தையே காணவில்லை. துறையின் வசமுள்ள தொல்பொருட்கள் மொத்தம் எத்தனை என்று ஒரே இடத்தில் தொகுத்த கணக்கும் இல்லை என்று அந்த அறிக்கை சொன்னது.

பிறகாவது விழித்தார்களா? ஒன்பது ஆண்டு கழித்து, 2022 டிசம்பரில், கலாச்சார அமைச்சகம் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் சொன்ன கணக்கைக் கேளுங்கள். காணாமல் போனவற்றில் 42 கண்டுபிடிக்கப்பட்டன. பாக்கி 50. நகரம் பெருகி விழுங்கியது 14, அணைகளில் மூழ்கியது 12, எங்கே போனது என்றே தெரியாதது 24. அதே ஆவணத்தில் இன்னொரு கணக்கும் வருகிறது: 3,693 சின்னங்களில் காவலர் போடப்பட்டிருப்பது 248 இடங்களில் மட்டும். அந்த 248 இடங்களுக்கும் சேர்த்துக் காவலர்கள் 2,578 பேர்.

எங்கே போனதென்று தெரியாத அந்த 24இல் ஒன்றைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. அஸ்ஸாம் மாநிலம் தின்சுகியாவில் இருந்த ஷேர்ஷா சூரியின் பீரங்கிகள்! பீரங்கி என்ன, கோழிக்குஞ்சா? பருந்து தூக்கிப் போனதா? உலோகத்தில் வார்த்த ஆயுதம், அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தது, இல்லாமல் போய்விட்டது. யார் பொறுப்பில் இருந்தபோது போனது? என்றைக்குக் கடைசியாகப் பார்த்தார்கள்? 2024இல் அரசு ஒரு முடிவு எடுத்தது: 18 இடங்களைத் தேசிய முக்கியத்துவப் பட்டியலில் இருந்தே நீக்குவது! கல்லாவில் பணம் குறைந்தால் கல்லாப் பெட்டியையே கணக்கிலிருந்து அடித்துவிடும் வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா?

நம் நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் அந்நாட்டு அரசின் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. 1914இல் சரயேவோவில் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுடப்பட்ட கார் அங்கேதான் நிற்கிறது. முதல் உலகப் போருக்குத் திரி கிள்ளிய சம்பவம் அது. அந்தக் கூடம் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் நடப்பது. அங்கேயும் இதே இரண்டு வியாதி: பதிவேட்டிலும் நிர்வாகக் கட்டுப்பாட்டிலும் ஓட்டை, ஹிட்லர் காலத்தைக் காட்டும் கூடத்தில் விளக்கக் குறைபாடு. ஆனால் அங்கே என்ன நடந்தது? பத்திரிகைகள் எழுதின. நிபுணர் குழு போட்டு அந்தக் கூடத்தை ஆராய்ந்தார்கள். 2020இல் அந்நாட்டுத் தணிக்கை நீதிமன்றம் கடுமையான அறிக்கை கொடுத்தது. அடுத்து இயக்குநர் பதவிக்குப் புதியவர் வந்தார். வியாதி எங்கும் வரும். வைத்தியரைக் கூப்பிடுகிற வழக்கம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல உதாரணமும் இருக்கிறது. குறை மட்டும் சொல்வது முறையல்ல. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், ஒரு பாழ்கிணற்றிலிருந்து 2018இல் ஆயிரத்துக்கும் அதிகமான ராக்கெட் குழாய்களை வெளியே எடுத்தார்கள். ஹைதர், திப்பு காலத்தவை. மாநிலத் தொல்லியல் துறை அவற்றை எண்ணியது, அளந்தது, சிவமொக்கா அருங்காட்சியகத்தில் சேர்த்தது. இன்று உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் ஆராய்ச்சியாளன் வந்து கேட்டால் காட்ட முடியும். எண்ணி எழுதி வைத்தால் இரும்புத் துண்டும் வரலாறு. எழுதி வைக்காவிட்டால் ஷேர்ஷாவின் பீரங்கியும் பழைய இரும்பு.

பழைய இரும்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த வியாபாரத்தில் நம் சகோதரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பழைய குண்டோ, நாணயமோ, வாளோ உங்கள் தராசுக்கு வந்தால் எடை போட்டு உருக்க அனுப்பிவிடாதீர்கள். 1878ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னமும் உயிரோடு இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதைக் கண்டெடுத்தவரும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அது உங்கள் பொருளும் இல்லை, கொண்டு வந்தவன் பொருளும் இல்லை. ஊரின் அமானிதம்.

"முஸ்லிம் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?"

இப்படி ஒரு நண்பர் கேட்டார். வேலைவாய்ப்பு இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, வக்ஃபு பிரச்சனை தலைக்கு மேல் இருக்கிறது, இந்த நேரத்தில் பாழடைந்த கோட்டையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா என்றார். (வேலூர்க் கோட்டைப் பள்ளிவாசலைப் பற்றி எழுதப் போகிறீர்களா என்றும் கேட்டார். அது தனி விஷயம், தனியாகத்தான் பேச வேண்டும். இதோடு கலந்தால் இரண்டும் கெடும்.)

அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கோட்டை மதிலை ஒட்டி வீடு உள்ளவரைக் கேளுங்கள். 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, கட்டுவதென்றால் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சுவர் இடிந்தாலும், பிள்ளைக்குக் கல்யாணம் பேசி ஓர் அறை கூடுதலாகப் போட நினைத்தாலும், ஏழை கையைக் கட்டிக்கொண்டு மனு எழுத வேண்டும். அவன் தலைமுறை தலைமுறையாகக் கோட்டைக்காகத் தியாகம் செய்கிறான். அந்தத் தியாகத்துக்கு ஈடாக ஊருக்கு என்ன கிடைத்தது? நின்று படிக்க ஒரு சரியான வரலாறு, வெளியூர்க்காரன் வந்து ஒரு மணி நேரம் தங்கி, ஒரு டீ குடித்து, ஒரு சாப்பாடு சாப்பிட்டுப் போகிற நிலைமை, இந்த அளவுக்காவது வேண்டாமா? கட்டுப்பாடு ஊருக்கு, கணக்கு கேட்கும் உரிமை ஊருக்கு இல்லையா?

அதே சட்டம், ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே துணைவிதிகள் எழுத வேண்டும், வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபணை, ஆலோசனைகளைக் கேட்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறது. இதற்கென்றே தேசிய நினைவுச் சின்ன ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தியது. எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்பார் இல்லாத இடத்தில் கேட்டதாகக் குறித்துக்கொண்டு போவது மிகச் சுலபம்.

கேட்பார் இல்லாவிட்டால் இன்னொன்றும் நடக்கும். 2018இல் டெல்லி செங்கோட்டையைப் பராமரிக்கும் பொறுப்பு ஒரு சிமெண்ட் கம்பெனிக் குழுமத்துக்குப் போனது, டால்மியா பாரத், ஐந்து ஆண்டுக்கு 25 கோடி ரூபாய் செலவழிக்க ஒப்பந்தம். கழிப்பறை கட்டுவார்கள், விளக்குப் போடுவார்கள், நல்லதுதானே என்றார்கள். கழிப்பறை கட்டட்டும்! ஆனால் விளக்கக்கூடமும் அந்தத் திட்டத்தின் கணக்கில் வருகிறது. வரலாற்றைச் சொல்லும் கூடத்துக்குச் செலவழிப்பவன், அதில் என்ன எழுதுவது என்பதில் வாயை மூடிக்கொண்டிருப்பானா? செங்கோட்டைக்காவது டெல்லியில் கூச்சல் போட ஆள் இருந்தது. ரஞ்சன்குடிக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னுமொரு காரணம். புதுச்சேரி என்கிற பட்டணத்தைப் பிரெஞ்சுக்காரருக்கு இடமாகக் கொடுத்தவர் யார் தெரியுமா? பீஜப்பூர் சுல்தானின் கீழ் நம் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடி. 1670களில் நடந்தது. 1677இல் சிவாஜியின் படையிடம் அவர் தோற்றார். பிரெஞ்சுக்காரன் இந்த மண்ணில் கால் ஊன்றிய கதை இந்த நெடுஞ்சாலையோரத்தில் தொடங்குகிறது. எண்பது ஆண்டுக்குள் அவன் பீரங்கி இதே ஊர்க் கோட்டைக்கு வந்து நிற்கிறது. வாலிகண்டபுரத்தில் பழைமையான சிவன் கோவிலும் இருக்கிறது, முஸ்லிம்களும் காலங்காலமாக இருக்கிறோம். இந்த வரலாறு இருவருக்கும் பொது. சரியாக எழுதப்படாத வரலாற்றை நாளை எவனாவது எடுத்து, இருவருக்கும் நடுவில் வெட்டுக்கத்தியாகப் போடுவான். அதற்கு முன்னால் இருவருமாகச் சேர்ந்து சரியாக எழுத வைப்பது புத்திசாலித்தனம்.

நம் வீட்டுப் பரணில்

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஓர் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பயானுக்குப் போயிருந்தேன். நவாபு காலத்துச் சன்னது ஒன்று இருக்கிறது, பார்சி எழுத்து, முத்திரையோடு இருக்கிறது என்றார்கள். ஆவலோடு கேட்டேன். முத்தவல்லி வீட்டுப் பரணில் இருந்து ஒரு தகரக் குழாயைக் கொண்டு வந்தார்கள். திறந்தால் கரையான் மண்! முத்திரை இருந்த ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மிச்சம். யாரும் பிரதி எடுக்கவில்லை. யாரும் படிக்கவில்லை. எந்த நிலத்துக்கு, எந்த ஆண்டில், யார் கொடுத்தது என்று எவருக்கும் தெரியாது. அந்த ஊர் ஜமாஅத் இப்போது நிலத்துக்காக வழக்கு நடத்துகிறது!

தொல்லியல் துறையிடம் பதிவேடு கேட்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. தகுதி உண்டு, குடிமகன் என்ற தகுதி. ஆனால் கேட்கிற வாய் சுத்தமாக இருந்தால் குரல் இன்னும் உரக்கக் கேட்கும். ஆகவே முஹல்லா தோறும் இளைஞர்கள் முதலில் இதைச் செய்யுங்கள்: பள்ளிவாசலிலும் பழைய குடும்பங்களிலும் உள்ள சன்னது, செப்பேடு, வாள், கேடயம், பழைய கணக்குப் புத்தகம், எதுவானாலும் போட்டோ எடுங்கள். ஒரு நோட்டில் என்ன பொருள், எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, என்று பார்த்தது என்று எழுதுங்கள். பொருளை வாங்கி வராதீர்கள். அது வேறு வம்பு. எழுதினால் போதும்.

அடுத்து அரசாங்கத்திடம் என்ன கேட்பது? கோட்டையை எங்களுக்குக் கொடு என்று கேட்க வேண்டாம். அது எந்தச் சமுதாயத்தின் சொத்தும் அல்ல. ரஞ்சன்குடியின் அடிவாரத்திலேயே ஒரு சிறிய காட்சிக்கூடம் கேளுங்கள். இரண்டு அறை போதும். அதற்கு மேற்பார்வைக் குழு கேளுங்கள்: அதிகாரிகளோடு, ஒரு வரலாற்றுப் பேராசிரியர், ஊராட்சித் தலைவர், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியவர்கள், எல்லாச் சமூகத்தவரும். ஆண்டுக்கு ஒரு தடவை பொருட்களைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து முடிவை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். விளக்கப் பலகையில் எழுதுவதற்கு முன், ஆதாரம் என்ன என்று குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள். 1751இல் ஓடியவர்கள் ஓடினார்கள் என்றும், நின்றவர்கள் நின்றார்கள் என்றும், அடித்துக்கொண்ட இரண்டு நவாபுகளில் ஒருவர் தலையையும் இன்னொருவர் நாட்டையும் இழந்தார் என்றும் எழுதட்டும். நமக்குக் கசக்கிறதா? கசக்கட்டும்.

இதற்கெல்லாம் ஊர்வலமும் வேண்டாம், கண்டனப் போஸ்டரும் வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. 2020இல் தொல்லியல் துறைக்குத் திருச்சியிலேயே தனி வட்ட அலுவலகம் வந்துவிட்டது; முன்பு போல் எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். ரஞ்சன்குடிக் கோட்டையில் இதுவரை கிடைத்த பொருட்களுக்குப் பதிவேடு உண்டா, அவை இப்போது எங்கே உள்ளன? கடைசியாக ஒத்துப் பார்த்த தேதி எது? கோட்டைக்குக் காவலர் எத்தனை பேர்? கடந்த ஐந்து ஆண்டில் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? துணைவிதி வரைவு வெளியிடப்பட்டதா, எங்கே, எப்போது? 1751 போரைப் பற்றி விளக்கம் எழுத எந்த ஆதாரம் பயன்படுத்தப்படுகிறது? ஒரு கேள்விக்கு ஒரு வரி. வர்ணனை வேண்டாம், கோபம் வேண்டாம், இந்தக் கட்டுரையை வெட்டி இணைக்கவும் வேண்டாம்.

இது மத்திய அரசின் துறை. ஆகவே கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பாதீர்கள், திரும்பி வரும். பத்து ரூபாய்க்குத் தபால் ஆர்டர் எடுத்து வைத்து ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி இருந்தால் ஆன்லைனிலும் போடலாம். ஒரு நகலும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது சம்பந்தமில்லாத பதில் வந்தால், அதிலிருந்து முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். வந்த பதிலின் நகல் ஒன்றை நம் அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். நல்ல பதிலாக இருந்தாலும் வெளியிடுவோம்.